இல்லாத வருஷம்

"கையெழுத்தை அராவி எடுத்துடுங்க ஐயா" என்றார் இசொபே தொமியே, துணியில் சுற்றிய வாளை என் முன் வைத்துவிட்டு, உட்காருவதற்கு முன்பே.

நீகாதாவில் துறைமுகத்துக்குப் பின்தெருவில் என் கடை. பழைய வாளைப் பார்த்து யார் அடித்தது, எப்போது என்று சொல்வது என் பிழைப்பு. கொண்டுவருகிற எல்லோரும் நல்ல சேதியை எதிர்பார்த்துத்தான் வருவார்கள். பெயரை அழிக்கச் சொல்லி வந்தவர் இவர்தான்.

"ஏம்மா, என்ன அவசரம்?"

"எங்க தீவுக் கோயில்ல வைக்கணும்னு கேக்கிறாங்க. பொய்ப் பேரை சாமி முன்னாடி வைக்க முடியுமா? பேரே இல்லாம இருந்துட்டுப் போகட்டும்."

அதுவும் எங்கள் தொழிலில் வழக்கம்தான். போலிப் பெயரை அராவிவிட்டால் வாள் பெயரில்லாத வாளாக மானத்தோடு இருக்கலாம். ஆனால் அராவியது அராவியதுதான், திரும்ப வராது.

வாளுக்குத் தலைவணங்கி, மூங்கில் ஆணியைத் தட்டி, பிடியைக் கழற்றினேன். பிடிக்குள் ஒளிந்திருந்த காம்பில் நல்ல கருந்துரு. அதில் உளியால் வெட்டிய எழுத்து: கனெட்சுரா செய்தது. தெம்போ பதினாறு, இரண்டாம் மாதம்.

எங்கள் நாட்டில் ஆண்டை அரசு வைக்கும் காலப்பெயரால் எண்ணுவோம்; தெம்போ நூற்றெழுபது வருஷத்துக்கு முந்தையது. இந்த எழுத்தை நான் பார்த்திருக்கிறேன். தொமியே பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். முப்பது வருஷத்துக்கு முந்தைய என் கையெழுத்து, என் சிவப்பு முத்திரை. "பொய்க் கையெழுத்து. தெம்போவில் பதினாறாம் ஆண்டே கிடையாது."

"கனெட்சுரா எங்க முப்பாட்டன், தீவுலயே அடிச்ச வாள்னு அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தார். நீங்க இதை எழுதிக் கொடுத்தப்புறம் சாகுற வரைக்கும் உறையைத் திறக்கல. பொய்யன் வீட்டுப் பிள்ளைன்னு எங்களைக் கூப்பிட்டாங்க. நீங்க சொன்னதை நீங்களே முடிச்சு வையுங்க."

சுருக்கென்றது. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதானே. பதினைந்தாம் ஆண்டு பன்னிரண்டாம் மாதமே தெம்போ முடிந்து, கோக்கா என்ற புதுப் பெயர் வந்துவிட்டது. எழுத்தும் கொஞ்சம் நடுங்கியிருந்தது. கனெட்சுராவின் உளி நடுங்காது என்பது என் அப்போதைய ஞானம். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது, தலையில் கனம்.

பின்னறையில் சாணைக்கல்லோடு குந்தியிருந்த நெசு அரத்தோடு வந்தான். வாள் தீட்டுவதில் மன்னன், வாயும் அதே கூர்மை. "அம்மாவுக்குப் படகு எத்தனை மணிக்கு? அதுக்குள்ள முடிச்சிடலாம்."

தொமியே திரும்பிப்போகும் படகுச் சீட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். தீவில் சீட்டுக் கொடுப்பதே அவர்தான். நேரத்தைத் தேடிய என் கண் தேதியில் நின்றது. ஹெய்செய் 31, ஜூன் 6. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா இது? ஹெய்செய் ஏப்ரலோட முடிஞ்சு போச்சே, இப்ப ரெய்வா. இப்படி ஒரு தேதியே கிடையாது!"

"புது ரப்பர் ஸ்டாம்ப் இன்னும் தீவுக்கு வந்து சேரல. பழசையே குத்துறேன். அதுக்காகப் படகுக்காரன் ஏத்தமாட்டேன்னா சொன்னான்?"

நெசு விழுந்து விழுந்து சிரித்தான். என் சிரிப்பு பாதியில் நின்றது. "கிடையாது." அதே வார்த்தை காகிதத்திலும் என் கையெழுத்தில் இருந்தது.

"நெசு, அரத்தைக் கீழ வை. அம்மா, அந்தக் காலத்துல குளிர் மாசத்துல உங்க தீவுக்குப் படகு வருமா?"

"எங்கே வரும்? பத்தாம் மாசம் நின்னா மூணாம் மாசம்தான். கடல் விடாது."

தீவிலுள்ள புத்த மடத்துக்கு அங்கேயே போன் போட்டோம். பிக்கு இறந்தவர்கள் பதிவேட்டைத் தேடி எடுக்க அரை மணி ஆயிற்று.

"தெம்போ பதினாறு, முதல் மாசம், ரெண்டு பேர்" என்று வாசித்தார். "ரெண்டாம் மாசம், ஒரு குழந்தை. மூணாம் மாசம்... இங்க ஒரு குறிப்பு இருக்கு. 'இன்று முதல் படகு வந்தது. ஆண்டின் பெயர் போன குளிரிலேயே கோக்கா என்று மாறிவிட்டதாம்.'"

நெசு என் பழைய காகிதத்தை விரலால் தட்டினான். "ஓய் மேதாவி, போலி வெட்டுறவன் வருஷப் பட்டியலைப் பார்த்துட்டுல்ல வெட்டுவான்? பேர் மாறினது தெரியாதவன்தான்யா இப்படித் தப்பு பண்ணுவான்."

கனெட்சுராவின் மற்ற வாள்களில் காகிதம் வைத்துத் தேய்த்தெடுத்த மசிப்படிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பெயரின் கடைசிக் கோடு எல்லாவற்றிலும் இடப்பக்கம் தூக்கி நின்றது, இதிலும் அப்படியே. நடுக்கம் வயதாகவும் இருக்கலாம், தீவுக் குளிராகவும் இருக்கலாம். கை அவன் கைதான்.

பாயில் நெற்றி படக் குனிந்தேன். "தப்பு என்னோடதும்மா. உங்க அப்பா சொன்னது நிஜம். வாள் மதிப்பீட்டுச் சங்கத்துக்கும் நானே எழுதுறேன்."

தொமியே வாளைப் பார்த்துக்கொண்டே அழுதார். "அப்பா இதைக் கேட்டிருக்கணும்" என்றார். வெட்கமாக இருந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது.

வெள்ளை மர உறையின் மேல் மையால் எழுதினேன். கனெட்சுராவின் உண்மையான கையெழுத்து. தெம்போ பதினாறில், தீவில் அடித்தது. வாளைக் காத்தவர் என்று தொமியேயின் அப்பா பெயரையும் சேர்த்தேன். கீழே என் பெயர், தேதி.

நெசு எட்டிப் பார்த்துத் தொடையில் தட்டிக்கொண்டான். "போச்சு! ஹெய்செய் 31-னு போட்டுட்டியேய்யா!"

முப்பது வருஷம் எழுதிப் பழகிய கை. மை மரத்தில் ஊறிவிட்டது. நான் சுரண்டக் கத்தியைத் தேடினேன்.

தொமியே உறையை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அதை அராவாதீங்க ஐயா. அப்படியே இருக்கட்டும்."