இரண்டாம் மாடி, பச்சைக் கதவு

அறையில் இருந்தவர்கள்: நீதிபதி, தட்டச்சர், வக்கீலம்மா, தையல்காரி, அவளுடைய அக்கா. இல்லாதவன் தையல்காரியின் புருஷன். அவனைக் கேட்காமலே அவனுக்குத் தடை போடத்தான் இந்தக் கூட்டம்.

"பதினாலு நாளைக்கு இடைக்காலத் தடைம்மா," என்றார் நீதிபதி. "நீங்க இருக்கற வீட்டுக்கு நூறு மீட்டருக்குள்ள அவர் வரக்கூடாது. உத்தரவு அவர் கையில போய்ச் சேர்ந்ததும் செல்லும். அப்புறம் ரெண்டு பேரையும் வச்சு விசாரிப்பேன்."

தையல்காரி தலையாட்டினாள். அவன் நெரித்த கழுத்து இன்னும் வலித்தது.

நகல் கைக்கு வரப் பிற்பகல் மூன்று மணி ஆனது.

"மனு எழுதினது யாரு? நான்டி!" என்றாள் அக்கா.

"ஆமா, பெரிய ஜட்ஜு." சிரித்துக்கொண்டே தாளைப் பிரித்த தங்கையின் விரல் ஒரு வரியில் நின்றது.

அக்கா தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். அரைகுறை விலாசம் அவளுக்கு ஆகாது. அவள் மனுவில் எழுதியதை, தெருப் பெயர் உட்பட, அப்படியே உத்தரவில் அடித்திருந்தார்கள்: 'மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி, பச்சைக் கதவு.' அக்கா புதிதாகக் குடிவந்த வீடு; தங்கையும் அவள் குழந்தையும் ஒளிந்திருப்பது அங்கேதான். மூன்று வாரமாகச் சல்லடை போட்டுத் தேடியும் அவனுக்குக் கிடைக்காத இடம்.

"அக்கா, இது அவனுக்கும் போகுமே!"

வக்கீலம்மா தலையில் கை வைத்தாள். "மறைவா இருக்கற இடத்தைத் தனியா மூடின கவர்லதான் கொடுக்கணும். நானும் பார்க்காம விட்டுட்டேனே." உத்தரவு கொண்டுபோன கோர்ட் அமீனாவுக்குப் போன் போட்டாள்.

"மத்தியானமே கொடுத்தாச்சும்மா. ரெண்டு தடவ படிச்சார். நன்றி வேற சொன்னார்."

போலீசில், "வந்தாத்தானே மீறினதாகும்? வந்ததும் கூப்பிடுங்க," என்றார்கள்.

குழந்தை அந்த வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக்காரியின் காவலில். இருவரும் ஓடினார்கள். பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு, துணிகளைப் பையில் திணித்தபடி தையல்காரி ஜன்னல் வழியே பார்த்தாள்.

எதிர்ப்பக்கம் நின்றிருந்தான். கையில் தாள். அளவெடுத்தே பழகிய கண் தானாகவே அளந்தது. முப்பது மீட்டர்கூட இல்லை.

போலீசுக்குச் சொன்னாள். "பத்து நிமிஷம்," என்றது குரல்.

அவன் தாளைப் பார்த்தான், மருந்துக்கடையைப் பார்த்தான், தெருவைக் கடந்தான்.

அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். "பூட்டிக்கோ."

"போகாதக்கா! உள்ளயே இரு!"

"வழி சொல்லிக் கொடுத்தவ நான்தானேடி." அக்கா படிக்குப் போய்விட்டாள்.

கீழே காலடிச் சத்தம் கேட்டது. குழந்தை புரண்டு படுத்தது. தையல்காரி பச்சைக் கதவைச் சாத்தி, அக்கா வெளியே நிற்கும்போதே, பூட்டினாள்.