பென்சில் மறைத்த புள்ளி

பென்சிலுக்கு அறுபத்திரண்டு வயது. அவர் மனைவிக்கு ஐம்பத்தேழு. ஆனாலும் இருவரும் சேர்ந்து பஸ்ஸில் ஏறினால், "உங்க அக்காவை இங்க உக்காரச் சொல்லுங்க சார்" என்று யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். அவர் முகம் தொங்கிப் போகும். அவளோ, "ஆமா, பெரியக்கா. தம்பியை இடுப்புல தூக்கி வளத்தவ நான்தான்" என்று சொல்லிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்துகொள்வாள். வந்த இடத்தை விடுவானேன்?

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. அவள் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். முப்பது வருஷம் மைதானத்தில் விசிலும் கையுமாக நின்றவள். தொப்பி போட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று தொப்பியும் போட்டதில்லை. அவரோ ஒரு போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில் பாதி வாழ்க்கையையும், அதை ஒட்டிய ஜன்னலில்லாத அறையில் மீதி வாழ்க்கையையும் கழித்தவர். வெயிலுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அவள் நெற்றியில் கோடுகள் விழுந்து, கன்னம் கறுத்துக் காய்ந்து கிடந்தது. அவர் கன்னம் இன்னும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வழவழவென்று இருந்தது. ஷேவ் செய்யும்போது அவருக்கே கூச்சமாக இருக்கும்.

அந்த ஜன்னலில்லாத அறையில் அவர் செய்தது டச்சிங் வேலை. கீழே விளக்கு எரியும் சாய்வான கண்ணாடியில் நெகட்டிவை வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். முகத்தில் பருவோ மச்சமோ கோடோ இருந்தால், நெகட்டிவில் அந்த இடம் வெளிறிப் போய்ச் சின்ன ஓட்டை மாதிரி தெரியும். ஊசி போலச் சீவிய பென்சிலால் அந்த ஓட்டையை மெல்ல நிரப்பிவிட்டால், அச்சாகி வரும் படத்தில் முகம் சுத்தமாகிவிடும். பென்சில் எப்போதும் அவர் காதில் இருந்தது. ஆளும் கிட்டத்தட்ட அதே பருமன். பெயர் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு கம்ப்யூட்டர் வந்து, காதிலிருந்த பென்சில் போய்க் கையில் மௌஸ் வந்தது. பெயர் மட்டும் போகவில்லை.

புள்ளியை முதலில் கண்டுபிடித்தது மகள்தான். லீவுக்கு வந்தவள் அம்மாவின் இடது கண்ணுக்குக் கீழே விரலை வைத்து, "இது என்னம்மா, கறுப்பா?" என்றாள். "அது எப்பவும் இருக்கறதுதான்" என்றாள் டீச்சர். மகள் கேட்கவில்லை. இருவரையும் தோல் டாக்டரிடம் அனுப்பிவிட்டுத்தான் ஊருக்குப் போனாள்.

டாக்டர் ஐம்பது வயதை ஒட்டிய பெண். அவசரமில்லாதவர். ஒரு சின்ன விளக்கு லென்ஸைக் கன்னத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு டீச்சரின் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டச் சொன்னார்.

"இதைப் பாருங்க. தோள் பக்கம் எப்படி இருக்கு, மணிக்கட்டு எப்படி இருக்கு?"

தோள் பக்கம் மழமழவென்று இருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே சுருக்கமும் புள்ளிகளுமாக வேறு யாரோ ஒருத்தியின் கை.

"ரெண்டுக்கும் ஒரே வயசுதானே?" என்றார் டாக்டர். "வயசானா தோல் மெலியும், காயும். அது எல்லாருக்கும் உள்ளது. ஆனா இந்தச் சுருக்கத்துல பெரும்பங்கு வெயில் போட்டது. தோலுக்கு அடியில அதை இறுக்கிப் பிடிச்சிருக்கற இழைங்க இருக்கு. வெயில் அதைத்தான் அறுக்கும். இன்னைக்குக் காஞ்ச வெயிலுக்கு இருபது வருஷம் கழிச்சுத்தான் கணக்கு வரும்."

"அப்ப இவரு?" டீச்சர் கணவரைக் காட்டினாள்.

டாக்டர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "இவரு பீரோக்குள்ள வெச்ச துணி."

"விலை ஒசந்த கிரீம் ஏதாவது எழுதிக் குடுப்பீங்களா டாக்டர்? நானும் ஒருதடவை தங்கச்சி மாதிரி பஸ்ல ஏறணும்."

"டப்பாவுல வயசு குறையாதும்மா. வெளிய போகும்போது நல்ல அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, வெயில் தடுக்கற கிரீம். வேர்த்தா மறுபடி தடவணும். குளிச்சு வந்ததும் ஈரத்தோடயே சாதாரண ஈரப்பசை கிரீம். அவ்வளவுதான். இனிமே தொப்பி போட்டு என்னன்னு நினைக்காதீங்க. இன்னைக்குப் போட்டாலும் பிரயோஜனம் உண்டு."

அதன்பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா நான் யோசிக்கறது இந்தப் புள்ளியைப் பத்தி. ரெண்டுங்கெட்டானா இருக்கு. வருஷக்கணக்கா இதே அளவுல இருந்துச்சுன்னா விட்டுட்டுக் கவனிக்கலாம். வளந்துட்டு வருதுன்னா உடனே எடுத்துப் பரிசோதிக்கணும். கண்ணை ஒட்டி இருக்கறதால சும்மா கத்தி வைக்க மனசு வரல. பழைய போட்டோ இருக்கா? முகம் கிட்டத்துல தெரியறது?"

டீச்சர் கைகொட்டிச் சிரித்தாள். "நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டீங்க. இவரு ஸ்டுடியோக்காரர். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் என்னை உக்கார வெச்சு ஒரு படம் எடுப்பாரு. முப்பது இருக்கு."

"பிரமாதம். எல்லாத்தையும் கொண்டு வாங்க."

பென்சில் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கூடத்துச் சுவரைப் பார்த்தார்கள். முப்பது படங்கள், முப்பது டீச்சர்கள். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. புள்ளி என்ன, ஒரு கோடு இல்லை, ஒரு பரு இல்லை. இருபத்தேழு வயதில் உட்கார்ந்தவள் ஐம்பத்தாறு வயதில் தலைமுடியை மட்டும் மாற்றிக்கொண்டு அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பத்து வருஷப் படங்கள் கம்ப்யூட்டரில் செய்தவை. துடைத்த படத்தை வைத்துக்கொண்டு துடைக்காததை அழித்திருந்தார். அடையாள அட்டைப் படமும் அவர் கைப்பட்டதுதான். பள்ளி குரூப் போட்டோவில் நாற்பது ஆசிரியர்கள் சுருக்கமும் தழும்புமாக இருக்க, ஒருத்தி மட்டும் சோப்பு விளம்பரம் மாதிரி நின்றாள். மகளின் போனில் எடுத்த படங்களைக் கேட்டால், அந்தப் போன் தானாகவே முகத்துக்கு மாவு பூசுகிற ரகம்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க" என்றாள் டீச்சர். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் உட்கார்ந்து சொன்னாள். அவள் சட்டென்று உட்காருகிற ஆளில்லை.

ஊரில் யாருக்கும் இப்படி நேராது. எவனும் தன் பெண்டாட்டி படத்தை மங்கலாகவாவது, கோணலாகவாவது எடுத்து வைத்திருப்பான். கைவேலை தெரிந்த பாவத்துக்கு இவரிடம்தான் ஒன்றுகூட இல்லை.

"நெகட்டிவ் இருக்கு" என்றார் கடைசியில். "முதல் இருபது வருஷத்துது. பென்சில்தானே, துடைச்சாப் போயிடும்."

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு இருவரும் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். பரண்மேல் கிடந்த பழைய டச்சிங் மேசையைத் தூசு தட்டி இறக்கினார். விளக்கு எரிந்தது. பஞ்சை டர்பன்டைனில் தோய்த்துப் பிழிந்து, முதல் நெகட்டிவை வைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே அவருக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது.

ஒரே இழுப்பில் பென்சில் கரைந்து போனது. ஸ்கேனரில் வைத்ததும் திரையில் அவள் வந்தாள், தாடையில் ஒரு பெரிய பருவோடு.

"ஐயோ, இந்தப் பரு" என்றாள் டீச்சர். "முதல் கல்யாண நாளன்னைக்கு வந்து உக்காந்த சனியன்."

அடுத்ததில் மகளை வயிற்றில் சுமந்த வருஷம். இரண்டு கன்னத்திலும் தேமல் மாதிரி நிறம் படர்ந்திருந்தது. அதற்கடுத்து பந்து பட்டுக் கிழிந்த புருவம். அந்த வருஷம்தான் அவள் பிள்ளைகள் கோப்பை வாங்கினார்கள். தையல் போட்ட புருவத்தோடு கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டுடியோவுக்கு வந்து நின்றாள். அந்தத் தையலை அழிக்க அவருக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. இப்போது அந்தப் பென்சில் வேலை முழுக்கப் பஞ்சோடு வந்துவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தோம் இவளை என்று இருந்தது.

பதினைந்தாவது நெகட்டிவில் புள்ளி வந்தது. கண்ணுக்குக் கீழே, ஊசி குத்திய அளவு. பதினேழில் சற்றுப் பெரிது. இருபதாவதில் கடுகளவு. அந்த இருபதை எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தோடு வைத்துப் பார்த்தார். இப்போது மிளகளவு.

பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கைக்குத் தெரியும். ஒரு வருஷம் ஒரே குத்துல நிரம்பிச்சு. மறுவருஷம் மூணு குத்து. அப்புறம் சுத்திச் சுத்தி அடிச்சேன். கம்ப்யூட்டர் வந்தப்புறமும் வட்டத்தைப் பெருசு பண்ணிட்டே வந்தேன். உன் முகத்தை உலகத்துலயே கிட்டத்துல பாத்தவன் நான். அது வளர வளர மூடிக்கிட்டே இருந்திருக்கேன். ஒருநாளாவது, இது என்னன்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா?"

அவள் திரையில் வரிசையாக நின்ற இருபது முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவர் திட்டு வாங்கத் தயாராக இருந்தார்.

"இவளைத்தான் நான் தினமும் கண்ணாடியில பாத்தேன்" என்றாள் பிறகு. "நீங்க சுவத்துல மாட்டி வெச்சீங்களே ஒருத்தி, அவளைப் பார்த்து முப்பது வருஷமா வயிறெரிஞ்சிட்டிருந்தேன். இவருக்கு அவளைத்தான் பிடிச்சிருக்கு போலன்னு."

அன்று மாலையே படங்களை டாக்டரிடம் காட்டினார்கள். இருபது முகங்களையும் பார்த்துவிட்டு டாக்டர் நாள் கடத்தவில்லை. அந்த வாரமே புள்ளியை எடுத்தார். பரிசோதனை முடிவு வரப் பத்து நாளாயிற்று. அந்தப் பத்து நாளில் பென்சில் நான்கு தொப்பி வாங்கினார். கிழக்கு ஜன்னலுக்குத் திரை போட்டார். வெயில் தடுக்கும் கிரீமைக் காலையும் மத்தியானமும் தன் விரலாலேயே அவள் கழுத்துவரை தடவிவிட்டார். "வீட்டுக்குள்ள எதுக்குங்க?" என்றால் காதில் வாங்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று அவர் மனசே அவரைக் கேட்டது. கேட்கட்டும் என்று தடவிக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தது. கெட்டதுதான், புற்று. ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை. முழுசாக எடுத்தாகிவிட்டது, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்ச நாள் கவனிப்போம்னு நான் விட்டிருந்தா நிலைமை வேற. உங்க படத்தைப் பார்த்துத்தான் தைரியமா கத்தி வெச்சேன்." வெளியே வந்து படிக்கட்டில் பென்சில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் பக்கத்தில் நின்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

முப்பத்தோராவது கல்யாண நாள் வந்தது. வழக்கம்போல ஸ்டுடியோ, அதே ஸ்டூல். கண்ணுக்குக் கீழே அரை அங்குலத் தழும்பு, இன்னும் சிவப்பு ஆறாமல். படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கினார். அவள் பின்னால் நின்று பார்த்தாள். அவர் கை மௌஸைப் பிடித்திருந்தது. விரல் தானாகவே அந்தத் தழும்புக்குப் போய் நின்றது. பழக்கதோஷம், லேசில் போகுமா?

"ஒண்ணு கேக்கணும்" என்றார் திரும்பாமல். "முதல் படத்துல அந்தப் பருவை எடுத்துட்டுக் குடுத்தேன். நீ எப்படிச் சிரிச்ச தெரியுமா? அந்தச் சிரிப்புக்காகத்தான் வருஷா வருஷம் செஞ்சேன். முகம் நல்லா வந்திருக்குன்னுதானே சிரிச்ச?"

"முகமா? அது என் முகம் மாதிரியே இல்ல. அன்னைக்கு உங்க முதலாளி சொன்னாரு, 'காலையிலேருந்து சாப்பிடக்கூட எழுந்திரிக்காம பூதக்கண்ணாடியை வெச்சு உன் மூஞ்சியவே பாத்துட்டிருக்கான்மா'ன்னு. என்னை இவ்வளவு நேரம் ஒரு ஆள் பார்த்தானேன்னு சிரிச்சேன்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"இப்பவும் பாருங்க" என்றாள் அவள், ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தபடி. "கையை மட்டும் சும்மா வெச்சுக்குங்க."

அவர் மௌஸை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.