கரையான் தின்ற அத்தியாயம்

டார்ச்சின் மடியில் இரண்டு புத்தகங்கள் கிடந்தன. ஒன்று, ஐம்பது வருடத்துக்கு முன் வந்த மலிவுவிலைத் துப்பறியும் நாவலின் மறுபதிப்பு. இன்னொன்று சூடு ஆறாத புதுசு. எழுதியவன் அவன் மனைவியின் தம்பி. ஒரே பதிப்பாளர் இரண்டையும் ஒரே மாதத்தில் போட்டிருந்தார். ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லி ஒரு பத்திரிகை கேட்டிருந்தது.

கிடங்கில் இரவுக் காவல் பார்த்தபோது டார்ச் வெளிச்சத்தில் இந்த ரகப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளியதால் வந்த பெயர்தான் டார்ச். காவல் வேலை போய்விட்டது, பெயர் போகவில்லை.

பழையதைப் பற்றிய பாதியை எழுதி முடித்திருந்தான். அதில் ஒன்பதாம் அத்தியாயம் அவனை அடித்துப் போட்டிருந்தது. துப்பறிபவன் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொள்கிறான். 'இன்றைய ஆட்கள் நூறு பக்கம் எழுதினாலும் இதற்கு உறைபோடக் காணாது' என்று டார்ச் எழுதினான். ஐந்தாம் அத்தியாயத்தில் வில்லனின் ஆட்கள் துப்பறிபவனின் சுண்டுவிரலை வெட்டிவிடுகிறார்கள். லிப்டிலோ பத்து விரலாலும் கம்பிக் கதவை உலுக்குகிறான். போன விரல் பயத்தில் திரும்பி வருகிறது, இதல்லவா எழுத்து என்று அதற்கே மூன்று பத்தி.

பிறகுதான் புதுசைப் பிரித்தான். நடுவில் ஒரு லிப்ட் வந்தது. அதே லிப்ட். அதே துரு நாற்றம், அதே கெட்ட வார்த்தை. ஆட்களின் பெயர் மட்டும் வேறு.

மைத்துனனின் இரண்டாவது நாவல் பதிப்பாளர் மேசையில் கிடக்கிறது. "கட்டுரை வரட்டும், பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்று சொல்லியிருந்தார். திருட்டு என்று எழுதினால் பயல் கதை முடிந்தது. எழுதாவிட்டால் இத்தனை வருடம் படித்ததற்கு அர்த்தமில்லை.

"உண்மையை எழுது. ஆனா அவன் மனசு நோகாம எழுது" என்றாள் மனைவி.

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லு."

"அது உன் வேலை."

மைத்துனன் லிப்ட் பழுது பார்ப்பவன். டார்ச் தேடிப் போனபோது ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில், இரண்டாம் மாடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, லிப்ட் கூண்டின் உச்சியில் குந்தி உட்கார்ந்து இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. படிச்சீங்களா?"

"படிச்சேன். அந்த லிப்ட் எங்கேருந்து எடுத்தே?"

"எடுக்கறதா? நானே ஒரு ராத்திரி லிப்டுல மாட்டிக்கிட்டேன் மாமா. அக்காகூடச் சாப்பாட்டை மூடி வெச்சிட்டுக் காத்திருந்தாளே."

"பழைய புத்தகத்துலயும் அது இருக்குடா. வரிக்கு வரி."

மைத்துனன் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தான். "அந்தப் புத்தகத்தை நான் கண்ணால பார்த்ததில்ல."

"அப்ப ஐம்பது வருஷம் முன்னாடி அந்தாளு உன்னைப் பார்த்துக் காப்பி அடிச்சானா?"

மைத்துனன் கேனை மறுபடி எடுத்து, எண்ணெய் போட்ட இடத்திலேயே திரும்பப் போட்டான். முகம் சுண்டிவிட்டது. பொய் சொல்பவன் இதற்குள் நாலு கதை விட்டிருப்பான் என்று டார்ச்சுக்குத் தோன்றியது. பொய் சொல்லத் தெரியாத திருடனும் உண்டே என்றும் தோன்றியது. குழப்பம் இரட்டித்ததுதான் மிச்சம்.

அங்கிருந்து நேராகப் பதிப்பகத்துக்குப் போனான். இரண்டு புத்தகத்துக்கும் பக்கம் அமைத்தது டிடிபி அக்கா. லிப்ட் இரண்டிலும் எப்படி வந்தது என்று டார்ச் கேட்டதும், கணினிமுன் குனிந்திருந்த கழுத்தை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அந்த லிப்டா? அதுவா..."

"எதுவா?"

"பழைய புத்தகம் ஒரே ஒரு பிரதிதான் கிடைச்சுது. நடுவுல கரையான் தின்னுடுச்சு. பக்கம் குறையக்கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டார். உங்க மச்சான் ஃபைல் பக்கத்துலயே திறந்திருந்துது. எடுத்துப் போட்டேன், பேரை மாத்தினேன்."

"என்னக்கா இது, சட்டைக்கு ஒட்டுப் போடற மாதிரி!"

"எல்லாத்துலயும் ஹீரோ எங்கயாவது மாட்டறான், அப்புறம் தப்பிக்கிறான். எதை வெச்சா என்ன? ஒட்டுன்னு நீங்களே கண்டுபிடிக்கலையே." அப்போதுதான் திரும்பினாள். "என் பேரைப் போட்டுடாதீங்க தம்பி."

வீட்டுக்கு வந்தபோது மைத்துனன் எண்ணெய்க் கையோடு வாசலில் நின்றான். டார்ச் விஷயத்தைச் சொன்னான். பயல் சிரிப்பான் என்று நினைத்தான். சிரிக்கவில்லை.

"பழசுன்னு நெனச்சுப் படிச்சப்ப நல்லாருந்துதா?"

"அசந்துட்டேன்டா."

"இப்ப?"

டார்ச் அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தான், மைத்துனன் எதிரில் உட்கார்ந்திருக்க. முதல் தடவை கச்சிதமாகத் தெரிந்த வாக்கியங்கள் இப்போது வீம்பாகத் தெரிந்தன. கெட்ட வார்த்தை வேண்டுமென்றே வைத்ததுபோல் இருந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது எங்கே? கண்ணிலா? ஐம்பது வருடத் தூசு ஏறினால்தான் எழுத்து எழுத்தாகுமா? அப்படியென்றால் இத்தனை காலம் அவன் படித்தது கதையையா, தூசையா?

"சொல்லுங்க மாமா. நல்லாருக்கா இல்லையா?"

"அப்ப நல்லாருந்துது" என்றான் டார்ச்.

கடைசியில் பேனாவை எடுத்தான். பழைய புத்தகத்தில் வேறொரு நாவலின் பக்கங்கள் கலந்துவிட்டன என்று ஒரு வரி. யார் கலந்தது என்று எழுதவில்லை. விரல் பற்றிய மூன்று பத்தியை அடித்தான். மைத்துனனின் துப்பறிபவனுக்கு முதலிலிருந்தே பத்து விரல். லிப்டைப் புகழ்ந்த பத்தியைப் புதுசின் கீழ் கொண்டுவந்து வைத்தான். 'இன்றைய ஆட்கள்' என்ற இடத்தில் 'அன்றைய ஆட்கள்' என்று திருத்தினான். வேறு எதையும் தொடவில்லை. டிடிபி அக்காவும் இவ்வளவுதான் செய்தாள் என்பது திருத்தி முடித்த பிறகே உறைத்தது.

மனைவி வாங்கிப் படித்தாள். தம்பி அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தான்.

"நிஜமாத்தான் எழுதியிருக்கியா?" என்று கேட்டாள் அவள்.

"எழுதினப்ப நிஜம்தான்" என்றான் டார்ச். "எந்தப் புத்தகத்தைப் பத்தி எழுதினேன்னுதான் தெரியல."