கழுத்துப்பிடிக்கு ஒரு சான்று

மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு மாடி அறை. அங்கே ஏழு வருஷமாக ஆங்கிலம்-தமிழ் அகராதிக்குச் சொல்லுக்கு ஒரு சீட்டாக எழுதினாள் உம்மே ஹானி. 'ஏ'யில் ஆரம்பித்து 'எஸ்' வரைக்கும் வந்தாயிற்று. தலைமைப் பதிப்பாசிரியர் கல்யாணராமன் ஒருநாளாவது நல்ல வார்த்தை சொல்லியிருப்பாரா? மூச்!

அன்றைக்கு 'ஸ்ட்ராங்கிள்ஹோல்ட்'. குஸ்தியில் எதிராளியின் கழுத்தை நெரித்துப் பிடிக்கிற பிடி. இப்போது கட்சி, கம்பெனி, யார் யாரை அசையவிடாமல் வைத்திருந்தாலும் இந்தச் சொல்தான். அவள் 'கழுத்துப்பிடி' என்று எழுதினாள். அவர் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'முழு ஆதிக்கம்' என்று எழுதினார். ஆதிக்கத்தில் கழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், மனுஷனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"குஸ்திக்காரா பேசறதெல்லாம் அகராதியில ஏறாது. அடுத்த சனிக்கிழமைக்குள்ள இந்தச் சொல்லை அச்சுல காட்டு. இல்லேன்னா திங்கட்கிழமைலேர்ந்து வராதே."

விதி அவர் போட்டதுதான். அச்சில் வந்த வாக்கியம், தேதியோடு, ஓர் எழுத்து மாறாமல் சீட்டில் ஏற வேண்டும். அகராதியிலும் அப்படியே வரும். இந்த விதியைச் சொல்லியே இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

நாலு நாள் நூலகம் நூலகமாக அலைந்தாள். பழைய பத்திரிகைகளின் தூசியில் தும்மினதுதான் மிச்சம். இந்த ஆளிடம் தோற்றுப் போவதா? ஐந்தாம் நாள் மந்தைவெளியில் ஒரு வாரப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், ஆசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை சீட்டையும் பத்திரிகையையும் அவர் மேஜையில் வைத்தாள். வாசகர் கடிதம், அவள் பெயரோடு, தேதியோடு: 'கல்யாணராமன் என்கிற ஒரே ஆளின் கழுத்துப்பிடியில் ஏழு வருஷமாக மூச்சுத் திணறுகிறது மயிலாப்பூர் அகராதி.'

அவர் மூன்று தடவை படித்தார். காது மடல் சிவந்துபோயிற்று. எதிர் மேஜை வெங்கடரமணன் தட்டச்சை நிறுத்திவிட்டான்.

"இதை நான் ஏத்துக்கணுமா?"

"அச்சுல வந்திருக்கு ஸார். வேண்டாம்னா விதியை மாத்திட்டேன்னு எழுதிக் கொடுங்க. போன ரெண்டு பேருக்கும் நானே தகவல் சொல்லிடறேன்."

நல்லா வேணும் என்றிருந்தது அவளுக்கு. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

கல்யாணராமன் பேனாவைத் திறந்தார். தன் பெயர் இருந்த வாக்கியத்துக்குக் கீழே, 'சான்று சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.