கேட்டது ஒரு கேள்விதான்

காப்பகத்து அக்கா அனுப்பி காலையில் வந்த வக்கீல் நோட்டீஸை அவள் சமையல் மேடையில் வைத்தே மூன்று முறை படித்தாள். ‘அவதூறு’ என்ற சொல்லில்தான் கண் போய்ப் போய் முட்டியது. பெரிய மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொள்ளும் வழக்கல்லவா அது? துணிக்கடையில் பில் போடுகிறவளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

“அவதூறுன்னா என்னங்க?”

“இல்லாததைச் சொல்லி ஒருத்தர் பேரைக் கெடுக்கறது,” என்றான் கணவன். “நீ எதையும் சொல்லலையே, கேள்விதானே கேட்ட? பயப்படாத, பதில் எழுதிடலாம்.”

கேள்விதான். பக்கத்துத் தெருவில் தன் வீட்டிலேயே பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் நடத்தும் அக்கா அன்று அனுப்பிய படத்தில் மற்ற பிள்ளைகள் விளையாட, இவள் மகன் மட்டும் பாயில் சுருண்டு கிடந்தான். “உங்க பையன் ஏன் எப்பவும் தூங்கறான்?” என்று அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் ஒருத்தி கேட்டுவிட்டாள். இவளுக்கு மானம் போயிற்று. “தெரியல. அங்க ஏதாச்சும் கொடுக்கறாங்களோ?” என்று தட்டிவிட்டாள். மாலைக்குள் அதற்குக் கைகால் முளைத்து, காப்பகத்தில் தூக்க மருந்து கொடுக்கிறார்கள் என்றாகிவிட்டது. அந்த வாரமே அங்கே வந்துகொண்டிருந்த பதினோரு பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். அக்கா வீட்டு வாசலில் யாரோ செருப்பை வீசினார்கள்.

காய்ச்சல் பிள்ளையைக் காப்பகத்தில் சேர்க்கமாட்டார்கள். கடையிலோ லீவு என்று வாயெடுத்தால் சீட்டு கிழிந்துவிடும். அதனால் மகனுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே, கிளம்பும்முன் ஒரு மூடி சளி மருந்து. தூக்கம் வரும் என்று பாட்டிலிலேயே போட்டிருந்தது. கணவன் குளித்து வருவதற்குள் முடிந்துவிடுகிற காரியம்.

நேற்று அக்கா பூட்டிய கம்பிக் கதவுக்குள்ளிருந்து மகனின் மாற்றுத் துணியைத் துவைத்து மடித்து நீட்டினாள். “காலைல வரும்போதே அரைத்தூக்கத்துலதான் வருவான். வாய்ல மருந்து வாசம் அடிக்கும். நீங்களே சொல்லுவீங்கன்னுதான் பேசாம இருந்தேன்.” இவள் துணியை வாங்கிக்கொண்டு ஓடாத குறையாக வந்துவிட்டாள்.

“‘வீட்டுல நாங்க எந்த மருந்தும் கொடுக்கறதில்ல’ன்னு முதல் வரி எழுதறேன், சரிதானே?” கணவன் பேனா மூடியைக் கழற்றினான்.

அவள் கை மேல்தட்டுக்குப் போய் மருந்து பாட்டிலை எடுத்தது. அவனிடம் காட்டவா, எங்காவது ஒளித்துவைக்கவா, அவளுக்கே தெரியவில்லை.

தரையில் விளையாடிக்கொண்டிருந்த மகன் பாட்டிலைப் பார்த்தான். எழுந்து வந்து அவள் முன்னால் நின்று, அண்ணாந்து, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தான்.