யார் வீட்டு ரத்தம்

மகள் அனுசுயாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பொம்பள நோவு தாய் வழியாத்தான வரும். ஒன் சித்தி இதுலதான போனாக?"

போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதையே சொன்னார். அல்லிநகரத்தில் என் பிறந்த வீட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை வரைக்கும் பேச்சு போய்விட்டது. நான் தலைகுனிந்து நடந்தேன்.

பரம்பரையாக வந்ததா என்று பார்க்க, மதுரை டாக்டரம்மா அனுசுயாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார். ஆமாம் என்று வந்தது. அடுத்து எங்கள் இருவரையும் வரச் சொன்னார். "எனக்கு எதுக்குத் தண்டமா?" என்று கேட்டுக்கொண்டேதான் இவர் கையை நீட்டினார்.

கோளாறு என் ரத்தத்தில் இல்லை, அவருடையதில் இருந்தது. ஆண்கள் வழியாகவும் வருமாம். வயிற்றில் கட்டி வந்து செத்துப்போன அவருடைய அக்காவுக்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஊர் வந்து சேர்வதற்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் தயாராகிக்கொண்டிருந்தேன். ஆண்டிபட்டி கணவாயில் திரும்பிப் பார்த்தால், மனிதர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுகிறார். பாவமாகிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மகள் படுத்திருக்கும் அறைப் பக்கமே அவர் எட்டிப் பார்க்கவில்லை. வாழைத்தோட்டமே கதி என்று கிடந்தார், சாப்பாடும் அங்கேதான். "அப்பா எங்கம்மா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. ஆனால் மாத்திரை எவ்வளவு காலம் கேட்கும் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. பிள்ளை நம்மோடு இருக்கிற நாளில் இந்த மனிதர் ஒளிந்துகொண்டால் எப்படி?

ஒருநாள் தோட்டத்துக்கே போய்ச் சண்டைபோட்டுக் கூட்டிவந்தேன். அறை வாசலோடு நின்றுவிட்டார்.

"எங்கிட்ட இருந்துல்ல ஒனக்கு வந்திருக்கு ஆத்தா. ஒங்கம்மா வீட்டப் பேசுனேனே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள வருவேன்?"

"அத அம்மா பாத்துக்கிரும்," என்றாள் அனுசுயா. "இந்த மாத்திர எல்லாத்துக்கும் கேக்காதாம்ப்பா. ஆஸ்பத்திரில பக்கத்துப் பெட்டு அக்காவுக்குக் குடுக்கல. நீங்க குடுத்த இந்தக் கோளாறு இருக்கவகளுக்குத்தான் நல்லாக் கேக்குமாம். டாக்டரம்மா சொன்னாக."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"எத்தன வருசத்துக்குத் தாயி கேக்கும்?"

"தெரியலயாம்ப்பா. அதுவரைக்குமாச்சும் உள்ள வாங்க."