ஜெயப்ரியா வீட்டுப் பார்டர்

கம்ப்யூட்டரைத் தொட்டவர்களுக்கெல்லாம் ஒரு திமிர் வந்துவிடும் காலம் அது. எனக்கும் வந்திருந்தது, கொஞ்சம் கூடுதலாகவே. 2004ஆம் வருடம் நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சிக்குச் சொந்த ஊரான ஆரணியிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் போட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பு, கணக்குப் பாடம், நாற்பத்திரண்டு பெண்கள். எனக்கு வழிகாட்டி ஆசிரியை கற்பகம் டீச்சர். நல்ல மனுஷி, ஆனால் சாக்பீஸைத் தவிர வேறெதையும் நம்பமாட்டார்.

பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. யாரோ ஒரு சங்கத்தார் கொடுத்துவிட்டுப் போனது. தலைமையாசிரியை அறையில் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவோடு உட்கார்ந்திருந்தது. தூசி தட்டுவதைத் தவிர யாரும் அதன் பக்கம் போவதில்லை.

"ரிப்பேர் ஆனா யாரும்மா பதில் சொல்றது?" என்பார் கற்பகம் டீச்சர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெஞ்சிக் கூத்தாடி இரண்டே நாளில் சாவியை வாங்கிவிட்டேன். சென்னையில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் அலனிடம் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கினேன். கல்லூரியில் இருந்த ஒரே ஒரு புரொஜெக்டரைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவர ஏற்பாடு செய்தேன். இந்த ஊர்க் கணக்கு வகுப்பில் படம் காட்டிய முதல் ஆள் இந்த லிடியாதான் என்று பேர் வாங்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

நடத்த வேண்டிய பாடம் சமச்சீர். புத்தகத்தில் ஒரு பட்டாம்பூச்சியும் ஒரு அரச இலையும் இருந்தன. பட்டுச் சேலை நெய்கிற ஊரில் பட்டாம்பூச்சி எதற்கு? வீட்டுக்கு வீடு தறியில் சமச்சீர் தொங்குகிறதே என்று தோன்றியது. இந்த யோசனை வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தறியில் இருக்கும் புது டிசைனை நெய்கிறவர்கள் வெளியாளுக்குக் காட்டமாட்டார்கள். புடவையைத் தறியிலிருந்து அறுத்து, நூலும் டிசைனும் கொடுத்த முதலாளியிடம் சேர்க்கும்வரை நெய்த பகுதியின்மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடியிருப்பார்கள். வீட்டுக்குச் சம்பந்தி வந்தாலும் அந்த வேட்டி விலகாது. நாங்கள் வாத்தியார் குடும்பம், நெசவு தெரியாது. ஆனால் இது ஆரணியில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"யார் வீட்டில தறி இருக்கு?" என்று வகுப்பில் கேட்டேன். முப்பது கைகளுக்குமேல் எழும்பின. "நான் வந்து ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றதும் கைகள் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன. முதல் பெஞ்சு ஜெயப்ரியாவின் கை மட்டும் பாதியில் நின்றது. டீச்சர் கேட்டு யாருமே இல்லையென்றால் நன்றாக இருக்காதே என்று நினைத்திருப்பாள் போல. அந்தப் பாதிக் கையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது அவள் அப்பா குமரேசன் இல்லை. அம்மா லீலா தறிக்குப் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவரு இல்லீங்களே டீச்சர். ஜரிகை வாங்க முதலாளி வூட்டுக்குப் போயிகீறாரு."

"அதனால என்னக்கா, ரெண்டு நிமிஷ வேலை."

"புது டிசைனுங்க. தீபாவளிக்கு வெளிய வுடறது. யாருக்கும் காட்டக்கூடாதுன்னு முதலாளி சொல்லிகீறாரு."

"பாடத்துக்குத்தானேக்கா? நான் என்ன பேப்பர்லயா போடப்போறேன்?"

லீலாக்கா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். டீச்சரிடம் முடியாது என்று சொல்லிப் பழகாத வீடு. வேட்டியை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு கிளிகள் முகத்தோடு முகம் பார்த்து நின்றன. நடுவில் ஒரு கம்பங்கதிர், முத்து முத்தாக ஜரிகையில். அப்படி ஒரு பார்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, கோணல் வராமல் நேர் மேலேயிருந்து பதினோரு படம் எடுத்தேன்.

"அவரு வந்தா ஒன்னும் சொல்லாதடி," என்று லீலாக்கா மகளிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. விழாதது மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அதற்குப்பிறகு நான் செய்ததைத்தான் எந்த எதிரியும் செய்யமாட்டான். மூன்று நாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அந்தப் படத்தின்மேல் கட்டம் போட்டேன். ஓர் இழைக்கு ஒரு கட்டம். கண் பூத்துப்போயிற்று. பிறகு பார்டரில் சரிபாதியை மட்டும் கட்டத்தோடு பிரின்ட் எடுத்து, நாற்பத்திரண்டு ஜெராக்ஸ் போட்டு, வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்தேன். மிச்சப் பாதியைச் சமச்சீர் பார்த்து வரைந்து வண்ணம் தீட்டி வர வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

நெசவில் எந்த டிசைனையும் முதலில் கட்டத்தாளில்தான் போடுவார்கள். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். அந்த அட்டைகளைத் தறியின் தலையில் கோத்துவிட்டால் கிளி தானாக விழும். கட்டத்தாள் ஒருவன் கையில் இருந்தால் டிசைனே அவன் கையில் இருக்கிறது என்று பொருள். அதைத்தான் நாற்பத்திரண்டு பேரிடம் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பினேன்.

பாடம் அமோகமாக நடந்தது. திரையில் கிளிகள் வந்ததும் பெண்கள் கைதட்டினார்கள். கல்லூரியிலிருந்து பார்வையிட வந்த பேராசிரியை, மற்ற பயிற்சி மாணவிகளையெல்லாம் கூப்பிட்டு, "லிடியாவைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்றார். நான் இரண்டு வாரம் தரையில் நடக்கவில்லை. ஜெயப்ரியா மட்டும் அந்தப் பாடம் முழுக்கத் தலையைக் குனிந்தபடி இருந்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதும் பொய்தான். அவளைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

செப்டம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை, பள்ளி விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"மிஸ், எங்க பார்டர் பஜாருக்கு வந்துடுச்சு."

"எந்த பார்டர்?" என்றேன், தெரிந்துகொண்டே.

"கிளி போட்டது. பவர்லூம் பொடவைல, அதே கம்பங்கதிரு. முதலாளி அப்பாவ கூப்ட்டு, கட்டத்தாள யாருக்குடா வித்தேன்னு கேட்டுகினு கீறாரு."

"எப்படிப் போச்சாம்?"

"மூணாவது பெஞ்சு ஹேமா இல்ல மிஸ்? அவ நோட்ட அவங்க மாமா பாத்துட்டு எடுத்துனு போனாராம். அவரு அட்டை அடிக்கிறவரு. அவளே எங்கிட்ட சொன்னா."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அப்பாவுக்கு நீங்க வந்ததே தெரியாது மிஸ். அம்மா பயந்துகினு சொல்லல. வெள்ளிக்கெழம கோயில்ல வந்து சத்தியம் பண்ணு, இல்லன்னா தறிய நிறுத்திடுன்னு முதலாளி சொல்லிட்டாரு. ஒருத்தரு நிறுத்திட்டா இந்த ஊர்ல யாரும் நெய்ய பாவு நூலு குடுக்கமாட்டாங்க மிஸ். நீங்க நாளைக்கி வந்து சொல்றீங்களா? டீச்சர் சொன்னா எங்கப்பா கேட்டுக்குவாரு."

நாளைக்கு வியாழன். திங்கட்கிழமை எனக்கு இறுதிச் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். போன வருடம் ஒரு பயிற்சி மாணவியைப் பற்றிப் பெற்றோர் புகார் கொடுத்து, அவள் மதிப்பெண்ணையே நிறுத்திவைத்ததாகக் கற்பகம் டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு பெண்ணின் வீட்டில் அப்பா இல்லாத நேரத்தில் நுழைந்து தறியைப் படம் எடுத்தேன் என்று வெளியே வந்தால் என் கதி என்ன? இவ்வளவும் என் மனதில் ஓடி முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் குழந்தை அதுவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா தப்பு பண்ணல இல்ல? அப்ப சத்தியம் பண்றதுல என்ன வந்துச்சு? உண்மையைத்தானே சொல்லப்போறாரு," என்றேன். "நான் செவ்வாய்க்கிழமை வந்து எல்லாத்தையும் பேசறேன்."

"சரிங்க மிஸ்," என்றாள்.

வெள்ளிக்கிழமை போயிற்று. ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை ஜெபத்தை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். திங்கட்கிழமை தேர்வு. தேர்வாளர் முன்னால் மறுபடியும் அதே கிளிகளைத் திரையில் ஓட விட்டேன். ஆமாம், அதே கிளிகளைத்தான். வேறு பாடம் தயாரிக்க நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெயப்ரியாவின் இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது கவலை இல்லை, நிம்மதி. வாழ்நாளில் என்னை நானே அருவருத்த நாள் ஒன்று உண்டென்றால் அதுதான். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினேன்.

சொன்னபடி செவ்வாய்க்கிழமை போனேன். தறிச் சத்தம் தெருவிலேயே கேட்டது. குமரேசன் என்னைப் பார்த்ததும் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க டீச்சர். பாப்பா ரெண்டு நாளா ஸ்கூலுக்கு வரலன்னு பாக்க வந்தீங்களா? ஒடம்பு சரியில்லீங்க. சோறு எறங்கமாட்டேங்குது. நாங்களும் பேஜார்ல இருந்தோம்."

அவரே எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி சந்தேகப்பட்டது, தூங்காமல் கிடந்தது, கோயிலுக்குப் போனது. "வெறும் கற்பூரம் பத்தாது, பெத்த பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்ணுன்னாருங்க. எனக்கென்ன பயம்? கூட்டினு போயி இவ தலைமேல கைய வெச்சு, 'என் வூட்டு வாசலத் தாண்டி இந்த டிசைன் போகல, போயிருந்தா என் பொண்ணு எனக்கில்ல'ன்னு மூணு வாட்டி சொன்னேன். முதலாளி கண்ணே கலங்கிப்போச்சு. நெய்யிடான்னுட்டாரு."

ஜெயப்ரியா சுவரோரமாகப் பாயில் சுருண்டிருந்தாள். கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. லீலாக்கா உள்ளே அடுப்பைப் பார்த்தபடி நின்றார், திரும்பவில்லை. நான் பாயில் போய் உட்கார்ந்ததும் அந்தப் பெண் என் காதருகே வந்தாள்.

"மிஸ், போயிருந்தா நான் இல்லன்னு சொல்லிட்டாரு மிஸ். போயிடுச்சே. நான் செத்துடுவேனா?"

அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டாள். மூன்று தடவை அப்பாவின் கை அவள் தலையில் இறங்கியிருக்கிறது, அது பொய் என்று தெரிந்துகொண்டே நின்றிருக்கிறாள்.

எழுந்து குமரேசனிடம் சொன்னேன். ஸ்டூல் போட்டு ஏறியது, கட்டம் போட்டது, நாற்பத்திரண்டு ஜெராக்ஸ், ஹேமாவின் மாமா, ஒன்றையும் விடவில்லை. "அக்கா வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்கல," என்றேன்.

கத்துவார், அடிக்கக் கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது நடந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் மகளைத்தான் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்கீங்க போறீங்க?" என்றார் லீலாக்கா.

"சத்தியத்தத் திருப்பி வாங்கினு வர்றேன். இவ தலைமேல கெடக்குது இல்ல."

நானும் கூடவே போனேன். முதலாளி தன் வீட்டு முன்னறையில் புடவை மடித்துக்கொண்டிருந்தார். "நான் பண்ண சத்தியம் பொய்யுங்க. டிசைன் என் வூட்லருந்துதான் போயிகீது," என்றார் குமரேசன், வாசலில் நின்றபடி. நான் குறுக்கே விழுந்து நடந்ததைச் சொன்னேன். அவர் மேல் தவறில்லை, எல்லாம் நான்தான் என்று நாலு தடவை சொன்னேன். முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது நெசம்தாம்மா. ஆனா தன் வூட்ல நடக்கறதே அவனுக்குத் தெரியலேன்னா, என் டிசைன நான் எப்பிடி அவங்கிட்ட வெக்கறது?" என்றார். பிறகு குமரேசனிடம், "தறில இருக்கற பாவு நூல முடிச்சுக் குடுத்துடு. அட்டைய ஆள் வந்து அவுத்துக்குவான்," என்றார்.

"சரிங்க," என்றார் குமரேசன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பாய்க்குப் போய், மகளின் தலையைக் கையால் துடைத்துவிட்டார், தூசி தட்டுகிற மாதிரி. "சொல்லிட்டு வந்துட்டேன். சத்தியம் இல்லன்னு ஆயிடுச்சு. ஒனக்கு ஒன்னும் ஆகாது. எழுந்து சாப்புடு." அவள் எழுந்து உட்கார்ந்தாள். லீலாக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். நாலு நாள் பசி. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

நான் கிளம்பினேன். டீச்சரை வழியனுப்பும் மரியாதைக்குக் குமரேசன் தெருவரைக்கும் வந்தார். சைக்கிளை எடுக்கும்போது கேட்டார்.

"பாப்பா உங்ககிட்ட இத எப்ப சொல்லிச்சுங்க டீச்சர்?"

"புதன்கிழமை."

அவர் விரல்விட்டு எண்ணினார். புதன், வியாழன், வெள்ளி.

"அப்ப நீங்க வியாழக்கெழம வந்திருந்தா, இவ தலையில நான் கைய வெச்சிருக்கவே வேணாம்."

"ஆமாங்க," என்றேன்.